ஒன்றரை மில்லிமீற்றர் ஊரி

மார்ச் 3, திங்கள்

முப்பத்தொன்பதாவது போத்தலை இன்று திறந்தேன். சுவால்பாட் தீவுகளுக்கும் வடக்கே, ஆயிரத்து இருநூறு மீற்றர் ஆழத்தில், போன வருடம் கப்பல் அள்ளிவந்த சேறு. மதுசாரத்தில் ஊறிக் கிடப்பதைக் கரண்டியால் எடுத்து, அரிதட்டில் கழுவி, கண்ணாடித் தட்டில் பரப்பி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, புழுவைப் புழுவோடும் மட்டியை மட்டியோடும் ஊரியை ஊரியோடும் சேர்ப்பது என் வேலை. நோர்வேக்கு வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் முள் எடுத்த கை இது. தொழிற்சாலையை மூடிய பிறகு துறொம்சோவுக்கு வந்து இந்த நூதனசாலையில் சேர்ந்து எட்டு வருடம். மீன் முள்ளை விட்டுச் சேற்றுக்கு வந்ததில் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்குத்தான் தெரிந்தது.

பதினொரு மணிபோல ஒரு மணல் மணி வழியில் கிடந்தது. சாமணத்தால் தள்ளிவிடப் போனேன். உருண்டது. உருண்டபோது கடல் நத்தை ஓட்டின் சுருள் தெரிந்தது. ஊரி. அளவுகோலில் வைத்தேன், ஒன்றரை மில்லிமீற்றர். கடுகு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் கடுகுதான் பெரிசு.

பெரிதாக்கிப் பார்த்தேன். சுருளின் உச்சியில் குழி குழியாக, வரிசை பிசகாமல், தைக்கும்போது விரலில் போடும் கவசத்தில் இருக்குமே, அப்படிப் புள்ளிகள். எண்ணினேன். ஒரு வரிசையில் பதினாறு. வெளிச்சமே போகாத இடம். தண்ணீர் சுழியத்துக்கும் கீழே குளிர். அங்கே யார் பார்ப்பதற்கு இந்த வடிவு?

மாரிட்டிடம் கொண்டுபோனேன். அவள்தான் எங்கள் பகுதிக்குப் பொறுப்பு, ஊரிகளைப் படித்தவள். நாற்பது வயது இருக்கும். ஏதோ பெரிய ஊரியின் குஞ்சாக இருக்கும் என்றாள். குஞ்சென்றால் வாயின் விளிம்பு கடதாசிபோல இருக்கும், இதற்குத் தடித்து மடிந்திருக்கிறது, இது வளர்ந்து முடிந்தது என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். பத்து நிமிடம் நிமிரவில்லை.

மார்ச் 6, வியாழன்

இவர், என் வீட்டுக்காரர், கருவாடு பொரித்தார். ஜன்னல் எல்லாம் திறந்துவைத்துக்கொண்டு, மேல்வீட்டுக்காரி வந்து சண்டை பிடிக்கப் போகிறாள் என்று பயந்துகொண்டே பொரித்தார். எனக்கு மணமே வரவில்லை. தடிமன் பிடித்திருக்கிறதுபோல.

பஸ் ஓட்டியது போதும் என்று பென்சன் எடுத்ததிலிருந்து ஆள் கஞ்சனாகிவிட்டார். தேத்தண்ணியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றித் தருகிறார். கேட்டால், முடிச்சிட்டு இன்னும் குடியும் என்கிறார்.

மார்ச் 20, வியாழன்

இன்னும் மூன்று கிடைத்தன. இரண்டு வெறும் ஓடு. ஒன்றுக்குள் உயிர் இருந்திருக்கிறது. உள்ளே இழுத்துக்கொண்டு, வாயை மெல்லிய மூடியால் அடைத்தபடியே செத்திருக்கிறது. நூலால் தைத்ததுபோல அவ்வளவு கச்சிதமான மூடி.

மாரிட் இரண்டு கிழமையாகப் புத்தகங்களுக்குள் கிடந்தாள். 1878இல் அச்சான தடித்த புத்தகம் ஒன்றில் இதைப்போல ஒரு படம் இருக்கிறது. எனக்கும் காட்டினாள். உருவம் அப்படியே இதுதான். ஆனால் உச்சி வழுவழுவென்று இருக்கிறது, குழிகள் இல்லை. விவரிப்பிலும் உச்சி மொழுமொழுப்பானது என்றே எழுதியிருக்கிறார்களாம். அப்படியென்றால் எங்களுடையது வேறு. இதுவரை யாரும் பெயர் வைக்காதது.

பன்னிரண்டு வருடம் ஊரிகளோடு இருக்கிறேன், ஒன்றுக்குக்கூட நான் பெயர் வைத்ததில்லை என்றாள். வெள்ளைப் பலகையின் மூலையில் மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறாள். மூன்றும் எனக்கு வாயில் நுழையவில்லை. அவளுக்கு என் பெயர் 'புனிதவதி' நுழையாமல் எட்டு வருடமாகப் 'புனி' என்கிறாள், சரிக்குச் சரி.

உறுதியாகச் சொல்ல நாக்குப் பார்க்க வேண்டுமாம். ஊரியின் நாக்கு ஒரு நாடா, அதில் வரிசை வரிசையாகப் பற்கள். ஒவ்வோர் இனத்துக்கும் பல் வேறு. ஒன்றரை மில்லிமீற்றர் உடம்புக்குள் நாக்கு, நாக்கில் நூற்றுக்கணக்கில் பல். கேட்டுக்கொண்டு வீடுவரை நடந்தே வந்துவிட்டேன். பஸ் ஞாபகமே வரவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பேனை சரியில்லை. எழுதத் தொடங்கும்போது எழுத்து ஒழுங்காக இருக்கிறது, வரி முடியும்போது எறும்புபோலச் சிறுத்துவிடுகிறது. வேறு பேனை வாங்க வேண்டும்.

கோப்பியையும் குறைக்க வேண்டும். வேலையில்லாமல் மடியில் கிடக்கும்போது வலது கை தன் பாட்டுக்கு ஆடுகிறது. சாமணத்தைக் கையில் எடுத்தால் நின்றுவிடுகிறது. ஆகவே பெரிய விசயம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் மாரிட் அந்தச் சின்னக் குழாயைத் தந்தாள். உயிர் இருந்த அந்த ஒரேயொரு ஊரி உள்ளே. ஓட்டை உடைத்து, உடலைக் கரைசலில் போட்டால் சதை கரைந்து நாக்கு மிஞ்சும். உடைக்கும்போது ஓடும் முடிந்தவரை சேதமில்லாமல் இருக்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் இதைச் செய்ய உன்னுடைய கையைத்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள்.

மாரிட் பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது, குழாய் வெறுமையாக இருந்தது என்று சொன்னேன். அது பொய்யில்லை. அந்த நேரத்தில் குழாய் வெறுமையாகத்தான் இருந்தது.

அவள் முகம் வெளிறிவிட்டது. படம் எடுத்தபோது தான்தான் எங்கோ மாற்றி வைத்திருக்க வேண்டும் என்றாள்.

அவள் கூட்டத்தில் இருந்தபோது, ஊரியைச் சாமணத்தில் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் உடைக்கலாம் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம்தான். 'டிக்' என்று ஒரு சத்தம். நிலத்தில் முழங்காலில் நின்று, டோர்ச் அடித்து, ஈரக் கடதாசியால் ஒற்றி ஒற்றித் தேடினேன். ஒன்றரை மணித்தியாலம்.

ஏப்ரல் 9, புதன்

தொண்ணூறு புழு. ஊரி இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மாரிட் படம் எடுக்கும் அறையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிவிட்டாள். குப்பை வாளியைக்கூட அரிதட்டில் கொட்டிக் கழுவிப் பார்த்தாள். எந்த எந்த நாளில் எதைத் தொட்டேன் என்று எழுதி எழுதிப் பார்க்கிறாள். தனக்கு மறதி வந்துவிட்டதோ என்று என்னைக் கேட்டாள். அவளுடைய தாய் மறதி நோயில் இருக்கிறார்.

பிறகு, வெறும் குழாயைத் தந்து உன்னைச் சங்கடப்படுத்திவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். கறுவாப் பணிஸ் ஒன்று கொண்டுவந்து தந்தாள். தின்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருடப்பிறப்பு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இவர் பயறு போட்டுப் பொங்கினார். சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கத் தட்டைத் தூக்கினேன். பாதி நிலத்தில்.

இவர் துணி எடுத்து வந்து துடைத்தார். துடைத்துவிட்டு நிலத்திலேயே இருந்துகொண்டு சொன்னார்:

"இஞ்சேரும், டொக்டரிட்டை நாள் எடுத்து வைச்சிருக்கிறன். வாற புதன் விட்டு அடுத்த புதன்."

"ஆருக்கு?"

"உமக்குத்தான். நான் ஏன் பாதிக் கோப்பை ஊத்திறன் எண்டு நினைச்சனீர்? தை மாசத்திலை இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கோ, இன்று திறந்ததற்கோ தெரியவில்லை. குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்ததையே திரும்பவும் கழுவினேன். பிறகு வந்து பக்கத்தில் இருந்து, ஊரி போன கதையைச் சொன்னேன். டொக்டரைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இவர் முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு நாளைக்கே சொல்லிப் போடும்" என்றார். மாரிட்டைத்தான் சொன்னார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். கை நடுங்கியதையும், தேடியதையும், குழாயைப் பற்றிச் சொன்னதையும்.

மாரிட் நோர்வே மொழியில் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், புனி. ஊரி தவறி விழும், அது வேலை. ஆனால் ஒரு கிழமையாக நான் என் மூளையைச் சந்தேகித்துக்கொண்டு இருந்தேன். நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தாய்."

என் மேசைக்கு வந்து தொப்பியைப் போட்டேன், கழற்றினேன். பின்னேரம் நான்கு மணிபோல அவள் வந்தாள். எந்தக் கை என்று கேட்டாள். வலதுகை என்றேன். தன் கையை நீட்டி, என்னுடையதைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள், எடை பார்ப்பதுபோல. பிறகு, ஈஸ்டர் விடுமுறை முடிந்து வா, யோசிப்போம் என்று போய்விட்டாள்.

மே 21, புதன்

முதல் டொக்டர் அனுப்பிய நரம்பு டொக்டரிடம் இன்று போனோம். நடக்கச் சொன்னார். விரலை விரலோடு தட்டச் சொன்னார். கோப்பியை முகரத் தந்தார். ஒரு வசனம் எழுதச் சொல்லி, எழுத்து சிறுத்துக்கொண்டு போவதைப் பேனையால் கோடு போட்டுக் காட்டினார்.

பிறகு நோயின் பெயரைச் சொன்னார். இங்கே அதை எழுதப் போவதில்லை. அது ஒரு மனிதருடைய பெயராம். இருநூறு வருடத்துக்கு முன்னால் முதன்முதலில் இதைக் கவனமாகப் பார்த்து எழுதியவர். தெருவில் போகிறவர்களைக்கூடப் பார்த்து எழுதினாராம். யாரோ ஒருவர் இருந்து பார்த்திருக்கிறார் என்பது எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒரு நாளைக்கு மூன்று குளிசை. இவர் மூன்று நேரத்துக்கும் தன் கைத்தொலைபேசியில் மணி வைத்துவிட்டார். நேற்றிலிருந்து சூரியன் மறைவதில்லை. குளிசை எடுப்பது எந்த நேரமென்று வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மணி தேவைதான்.

யூன் 3, செவ்வாய்

இதை ஆறுதலாக எழுத வேண்டும். குளிசை கொஞ்சம் வேலை செய்கிறது. எழுத்து இன்று வரி முடியுமட்டும் நிற்கிறது.

1878ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருந்த அந்த ஊரி, பார்த்துப் படம் வரைந்த அதே ஓடு, வேறொரு நாட்டு நூதனசாலையில் இன்னும் இருக்கிறதாம். எங்களுக்கு நாக்குக் கிடைக்காததால் மாரிட் அதை இரவல் கேட்டிருந்தாள். எங்களுடையது வேறு என்று எழுதுவதற்கு முன் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. இன்று பெட்டி வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் விரல் நுனியளவு கண்ணாடிக் குழாய். மையால் எழுதிய துண்டு ஒன்று. கடல் எவ்வளவு ஆழம், என்ன நாள், எந்தக் கப்பல். ஒரேயொரு ஓடு. அதற்குப் பிறகு உலகத்தில் யாருக்கும் இது கிடைக்கவில்லை.

மாரிட் முதலில் பார்த்தாள். வழுவழுப்புத்தான், படத்தில் உள்ளதுபோல, என்றாள். குரலில் சந்தோசம். என்னையும் பார்க்கச் சொன்னாள்.

இப்போது என் வேலை பார்ப்பதுதான். எடுப்பது, வைப்பது எல்லாம் அவள். பார்த்தேன். உச்சி வழுவழுப்பாக இருந்தது. ஆனால் அந்த வழுவழுப்பு ஓட்டுடைய வழுவழுப்பாகத் தெரியவில்லை. மீன் தோலில் காய்ந்த சளி பிடித்தால் ஒரு மினுக்கம் வரும். இருபத்திரண்டு வருடம் அந்த மினுக்கத்தைக் கழுவியிருக்கிறேன். ஓட்டின் மேலே ஏதோ படலம்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியாது. மூன்று பெயரும் பலகையில் இருந்தன. ஏப்ரலில் ஒரு தடவை சொல்லாமல் விட்டேன், போதும்.

விளக்கைச் சாய்த்துப் பக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னேன். அவள் சாய்த்தாள். இன்னும் கீழே என்றேன். வெளிச்சம் தட்டின் மட்டத்துக்கு வந்தபோது, அந்தப் படலத்துக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக நிழல் எழும்பியது. குழி. அடுத்த குழி. வரிசை. எண்ணினேன், பதினாறு.

கதிரையை விட்டு எழும்பி அவளுக்கு இடம் கொடுத்தேன். அவள் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் துக்கம் இல்லை. இதை முதலில் கண்ட அந்த மனிதர் மரக் கப்பலில் போயிருக்கிறார், கையில் பிடிக்கும் கண்ணாடி ஒன்று, எண்ணெய் விளக்கு, அதை வைத்துக்கொண்டு இந்தக் கடுகளவை ஒரு வாளிச் சேற்றுக்குள் கண்டுபிடித்திருக்கிறார் என்றாள். இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றாள். துணியை எடுத்துப் பலகையில் இருந்த மூன்று பெயரையும் துடைத்தாள். கீழே பழைய பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

நூற்றைம்பது வருடம். அவர் பார்த்தார், பிறகு நாங்கள் இருவர். இடையில் ஒருவரும் இல்லை. அந்த ஊரிகள் மட்டும் அங்கே கீழே இருட்டில் பெற்று, வளர்ந்து, வரிசை பிசகாமல் பதினாறு பதினாறாகக் குழி வைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. இன்று மத்தியானம் சாப்பிட முடியவில்லை. பசிக்கவில்லை என்பதில்லை, வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

யூலை 28, திங்கள்

மாரிட் கப்பலில் வடக்கே போய் மூன்று கிழமை. நானும் இவரும் சதுப்பில் மஞ்சள் பழம் பொறுக்கினோம். நுளம்பு பிய்த்துத் தின்றது. என்னுடைய வாளியில் இருந்ததைவிட நிலத்தில் விழுந்தது கூட. இவர் பின்னால் வந்து விழுந்ததைப் பொறுக்கினார், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கப்பல் வந்துவிட்டது. அந்தப் பழைய ஓடு கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் அள்ளிய சேற்றை மதுசாரத்தில் போடாமல், உயிரோடு, குளிர் அறையில் வாளிகளில் வைத்திருக்கிறார்கள். அறை சுழியம் பாகை. மாரிட்டும் நானும் பனிக்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உள்ளே இருந்தோம். அவள் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் விட்டாள். நான் பார்த்தேன்.

நான்காவது தட்டில் கண்டேன். "நில்" என்று மட்டும் சொன்னேன். அவள் உறிஞ்சு குழாயால் அதை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் விட்டாள். நானாக இருந்தால் எடுத்திருக்க முடியாது. எடுக்க வேண்டும் என்று ஆசையும் வரவில்லை, அதுதான் எனக்கே அதிசயம்.

மூடி அடைத்துக்கொண்டு கிடந்தது. ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். பிறகு மூடி ஒரு மயிரிழை நகர்ந்தது. கண்ணாடிபோல ஒரு பாதம் வெளியே வந்தது. இரண்டு மெல்லிய கொம்பு. கண் இல்லை. இருட்டிலேயே இருக்கிறவருக்குக் கண் எதற்கு? கொம்பால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

உயிரோடு இருக்கும்போது ஓடு பாலில் தண்ணீர் கலந்ததுபோல இருக்கிறது, உள்ளே உள்ளது தெரிகிறது. மாரிட் இதயம் துடிப்பதைக் காட்டினாள். எண்ணினேன், ஒரு நிமிடத்துக்கு ஒன்பது. இதயத்துக்குக் கீழே மூன்று வெள்ளைப் புள்ளி இருந்தன. கல் என்று நினைத்தேன். உருப்பெருக்கத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுருள். ஒன்று மெதுவாகத் திரும்பியது.

பிள்ளைகள். ஒன்றரை மில்லிமீற்றர் தாய்க்குள்ளே, தங்கள் தங்கள் ஓட்டோடு, மூன்று.

மாரிட்டிடம் சொன்னேன். அவள் பார்த்துவிட்டு வாயைக் கையுறையால் பொத்திக்கொண்டாள். இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிகூட இல்லை என்றாள். பிறகு கொப்பியை எடுத்து, நீ பார்த்துக்கொண்டே சொல், நான் எழுதுகிறேன் என்றாள். நிறம், கொம்பின் நீளம், எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கால் மூடி அசைகிறது, பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஐந்து பக்கம்.

முடிந்ததும், உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, யாராவது ஒருவருக்காவது இதைக் காட்ட வேண்டும் என்றாள். இவர் இருபது நிமிடத்தில் வந்துவிட்டார், பஸ்காரர் அல்லவா. கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக் கதிரையில் இருத்தினோம். முதலில், மயிர் மயிராய் என்னமோ தெரியுது என்றார். அது உங்களின் இமை என்றேன். தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடித்தேன். இவர் திடீரென்று அசையாமல் போனார்.

மாரிட் கதவோடு சாய்ந்து நின்றாள்.

"உள்ளுக்கை பிள்ளையளோ?"

"ஓம்."

"அதுகளைக் காவிக்கொண்டோ நடக்குது?"

"ஓம்."

இவர் இன்னும் குனிந்தார். கிண்ணத்தின் அடியில் கிடந்த ஒரு மணல் மணியின் ஓரத்திலிருந்து அது நகரத் தொடங்கியிருந்தது. கொம்பை நீட்டி, தொட்டு, ஒரு இழை முன்னால். திரும்பவும் தொட்டு, ஒரு இழை.

"உது எங்கை போகுது?"

"தெரியேல்லை," என்றேன். "இருங்கோ, பாப்பம்."

மாரிட் இன்னொரு கதிரை கொண்டுவந்து எனக்குத் தந்தாள்.